ஆடுகளமும் காணொளியும்

திருமுடிவாக்கம் என்றவுடன் சிட்கோ தொழிற்பேட்டையே பலர் நினைவுக்கு வரும். இரும்பைக் கடையும் லேத் பட்டறைகளின் ஓசைக்கு நடுவே, மாலை வேளைகளில் மண்தரையில் பந்து மோதும் ஓசையும் அவ்வூரில் கேட்பதுண்டு. அவ்வூர்ப் பட்டறையொன்றில் பணிபுரியும் அன்பர் ஒருவர், சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று, அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்த அவருடைய மகள், பள்ளியின் வாலிபால் அணியில் மூன்றாண்டுகள் ஆடியவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் மேற்படிப்பு என்னும் நிலை அக்குடும்பத்துடையது.

அவர் தம் கைப்பேசியைத் திறந்து ஒரு காணொளியைக் காட்டினார். ஒரு நிமிடம் ஓடுவது. மாமன் மகன் ஆர்வத்தோடு தொகுத்து இணையத்தில் ஏற்றியது. திரைப்படப் பாடல் ஒலிக்க, அப்பெண் உயர்ந்தெழுந்து பந்தை அடிக்கும் காட்சிகள் மட்டும் மெதுவோட்டத்தில் அடுத்தடுத்து வந்தன. ஏதேனும் ஒரு கல்லூரியின் கண்ணில் படும்வரை எல்லாரும் இதைப் பகிருங்கள் என்று முடிவில் எழுதப்பட்டிருந்தது. பலர் பகிர்ந்தும் இருந்தனர். கல்லூரி எதுவும் அழைக்கவில்லை. அக்காணொளியின் கீழே அப்பெண்ணின் உடையையும் உடலையும் பற்றி முகமறியாதவர் எழுதியிருந்தவற்றை அத்தந்தை நமக்குக் காட்டாமல் விரலால் தள்ளிவிட்டார். கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகவும், முன்பணமாகப் பதினைந்தாயிரம் அனுப்ப வேண்டும் என்றும் ஒருவர் தொலைபேசியில் பேசியிருக்கிறார். மஹல்லாவின் பெரியவர்கள் சிலரோ, வீடியோவை எடுப்பதோடு விளையாட்டையும் நிறுத்திவிடுவதே நல்லது என்று கூறியிருக்கின்றனர்.

“சார், இதை அழித்துவிடட்டுமா, இருக்கட்டுமா? பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை” என்றார்.

அவருக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. தமிழ் கற்பிப்போர்க்கு இத்துறை புதிது. உடற்கல்வித் துறை நண்பர்கள் சிலரிடம் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் நாம் அறிந்துகொண்டதையே ஈண்டு எழுதுகிறோம். இதே கேள்வியோடு நிற்கும் இல்லங்கள் நம் மாணவரிடையே பல உண்டு.

முன்னாளில் விளையாட்டு வீரன் கல்லூரி வாயிலுக்கு வந்த வழி வேறு. பள்ளியின் பி.டி. மாஸ்டர் எழுதிய கடிதம், நாளிதழில் வெளிவந்த துண்டுச் செய்தி, பிளாஸ்டிக் உறையிலிட்ட சான்றிதழ்கள் ஆகியவற்றைச் சுமந்து வந்து உடற்கல்வி இயக்குநரின் அறை முன் நிற்பான். அவரும் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வா என்பார். கைப்பேசி வந்தபின் கடிதத்தின் இடத்தைக் காணொளி பிடித்துக்கொண்டது. மைதானத்தின் இடத்தையும் அது பிடித்துக்கொண்டதாக நம்மவர் பலர் எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்க்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்திலும் சில இடங்கள் உண்டு. அங்கே எந்தப் போட்டி, எந்த நிலை, எந்த இடம் என்பதைச் சான்றிதழ் கொண்டே சரிபார்த்துத் தரவரிசை அமைக்கின்றனர். அவ்வரிசையில் காணொளிக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. ஒரு மாணவியின் ஆட்டத்தைக் கோடிப் பேர் பார்த்திருப்பினும், மாநிலப் போட்டிச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் அவளுக்கு அது தடையே. காணொளிக்குப் பாடல் தேடும் நேரத்தில், சான்றிதழிலுள்ள பெயரும் பிறந்த நாளும் பள்ளிச் சான்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது நலம்.

கலை அறிவியல் கல்லூரிகளிலும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் நிலை சற்று வேறு. அங்கே உடற்கல்வி இயக்குநரும் பயிற்சியாளரும் மைதானத்தில் ஆடவிட்டுப் பார்த்தே தெரிவு செய்கின்றனர். நம் தென்புறத்தில் அத்தகைய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசென்ட் நிறுவனம், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் என அவை வரிசையாக நிற்கின்றன. இத்தனை அருகில் இருக்கும் கல்லூரிக்குக் காணொளி எதற்கு என்று வினவலாம். தேர்வு நாளன்று திரளும் கூட்டத்தில், இவளைச் சற்று நின்று பார்க்கலாம் என்னும் எண்ணத்தைப் பயிற்சியாளர் மனத்தில் முன்னரே விதைக்க அது உதவும். அதன் பயன் அவ்வளவே. அந்த அளவும் சிறிதன்று.

காணொளிக்கு இதைவிடப் பெரிய இடம் தரும் நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரி விளையாட்டே ஒரு பெருந்தொழில். பயிற்சியாளர்கள் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வீரர்களைத் தேடிச் சேர்க்கின்றனர். நாடு பரந்தது, எல்லா மைதானத்துக்கும் ஒருவர் சென்று வர இயலாது. எனவே ஒளிநாடாவில் ஆட்டத்தைப் பதிந்து அஞ்சலில் அனுப்பும் வழக்கம் அங்கே முன்பே தோன்றியது. 2006ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் தொடங்கப்பெற்ற ஹடில் போன்ற நிறுவனங்கள் அவ்வழக்கத்தை இணையத்துக்கு மாற்றின. ஆயினும் அங்கும் வரம்புகள் உள. கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசியச் சங்கத்தின் விதிப்படி, முதற்பிரிவுக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பெரும்பாலான ஆட்டங்களில், மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15க்கு முன் அவரோடு சேர்க்கை குறித்துப் பேசத் தொடங்கலாகாது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே வழங்குவதில்லை. பள்ளி மதிப்பெண்ணும் அங்கே தனியே ஆராயப்படும். காணொளியை அனுப்பினால் அமெரிக்காவில் இடம் உறுதி என்று கூறிப் பணம் கேட்கும் தரகர்கள் இவற்றை எவரிடமும் சொல்வதில்லை.

நம்மிடமிருந்து அங்கே சென்றவர்க்கு எது துணை நின்றது? தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர். 2016 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையோர் தடகளப் போட்டியில், தம் 17ஆம் வயதில் 2.26 மீட்டர் உயரம் தாண்டி, பன்னிரண்டு ஆண்டுகளாக நின்ற 2.25 மீட்டர் என்னும் தேசியச் சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டு கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் அவரை உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டது. 2018இலும் 2022இலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான உயரம் தாண்டுதலில் அவரே முதல்வர். 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் பெற்றார். முறையான போட்டியில், நடுவர் அளந்து எழுதிய 2.26 என்னும் எண் உலகெங்கும் ஒரே பொருள் தருவது. அளவுகோலும் கடிகாரமும் தீர்ப்புச் சொல்லும் ஆட்டங்களில் காணொளி வெறும் சாட்சியே.

சாட்சியையே தீர்ப்பாக்கினால் என்ன ஆகும் என்பதையும் நம் நாடு கண்டது. 2019 ஆகஸ்டில், மத்தியப் பிரதேசத்து இளைஞர் ஒருவர் வெறுங்காலோடு சாலையில் ஓடும் காணொளி நாடெங்கும் பரவியது. நூறு மீட்டரைப் பதினோரு வினாடியில் கடந்தார் என்பது அதனோடு சேர்ந்து பரவிய செய்தி. அரசியல் தலைவர்கள் அதைப் பகிர்ந்தனர். மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அவருக்கு வாய்ப்பளிக்க முன்வந்தார். சில நாள்களில் போபால் நகரின் டி.டி. நகர் விளையாட்டரங்கில், பயிற்சி பெற்ற வீரர்களோடு அவர் ஓடவிடப்பட்டார். சுமார் 12.9 வினாடிகள், உடன் ஓடியவர்களுள் கடைசி. விளம்பர வெளிச்சத்தால் அவர் களைத்துப் போனார் என்று அமைச்சரே ஆறுதல் கூறும்படி ஆயிற்று. அவ்விளைஞர்மீது நாம் குறை காணவில்லை. எவர் அளந்தது, எத்தனை மீட்டர் என்று ஒருவரும் வினவாமல் அவரை ஒரு வாரத்தில் வானுக்கு உயர்த்திய நாமே நாணவேண்டியவர்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. அதே ஆகஸ்டில், கொல்கத்தாவின் தெருவொன்றில் பள்ளிச் சீருடையும் புத்தகப்பையுமாக இரு சிறார் குட்டிக்கரணமடிக்கும் காணொளியை, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முழு மதிப்பெண்ணான பத்தைப் பெற்ற நாடியா கோமனேச்சி கண்டு வியந்து பகிர்ந்தார். இருவரும் எளிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள். இந்திய விளையாட்டு ஆணையத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தது. 2024 டிசம்பரில் ராஜஸ்தான் சிற்றூர்ச் சிறுமி ஒருத்தியின் பந்துவீச்சை சச்சின் டெண்டுல்கர் பகிர்ந்தபோதும் அவ்வாறே உதவிகள் வந்தன. பரப்புதலால் பயனே இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஆனால் அது குலுக்கல் சீட்டு. கோடியில் ஒருவர்க்கு விழும் பரிசை நம்பி, பதினேழு வயதுப் பெண்ணின் முகத்தைத் தெருவில் வைக்கலாமா என்பதே நம் கேள்வி.

தமிழ் படித்தவர்க்கு இவ்விடத்தில் வள்ளுவரின் அவையறிதல் என்னும் அதிகாரம் நினைவில் எழாமல் இராது. கல்வியைக் காட்டவேண்டியது அதனை அளக்கத் தெரிந்தோர் முன்னிலையில். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் வள்ளல் சீதக்காதியின் விருப்பால் தொடங்கி, அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் அவையேறியது என்பது மரபு. காணொளியை அனுப்புவது வேறு, பரப்புவது வேறு. அனுப்புதற்குப் பெறுநர் ஒருவர் உண்டு. அவர்க்குப் பெயரும் பதவியும் பொறுப்பும் உண்டு. பரப்புதற்குப் பெறுநர் இல்லை.

இனி, அனுப்பத்தக்க காணொளி எவ்வாறு இருத்தல் வேண்டும்? நாம் வினவிய பயிற்சியாளர் ஒவ்வொருவரும் முதலில் சொன்னது பாடலை எடுத்துவிடுங்கள் என்பதே. பந்து கையில் படும் ஓசையும், ஆட்டக்காரர் ஒருவரையொருவர் அழைக்கும் குரலும் அவர்களுக்குச் செய்தி. மெதுவோட்டமும் வேண்டா, கால் எத்துணை விரைவில் நகர்கிறது என்பதை அது மறைத்துவிடும். மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். தொடக்கத்தில் பெயர், உயரம், ஆடும் இடம், சட்டை எண், போட்டியின் பெயர், நாள் ஆகியன ஓர் அட்டையில் வரவேண்டும். பன்னிருவர் ஆடும் களத்தில் இவர் யார் என்று தேடுவதற்குப் பயிற்சியாளர்க்கு நேரமில்லை.

வாலிபாலுக்குக் கைப்பேசியைக் குறுக்குவாட்டில் பிடித்து, களத்தின் கடைக்கோட்டுக்குப் பின்னே சற்று உயரமான இடத்தில் அசையாமல் வைத்தல் நலம். அப்போதுதான் முழுக்களமும், பந்து வருமுன் ஆட்டக்காரர் எங்கே நின்றார் என்பதும் புலனாகும். வலையின் உயரத்தையும் எழுதவேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் கூறியது நம்மைச் சிந்திக்க வைத்தது. மகளிர்க்கு முறையான உயரம் 2.24 மீட்டர், ஆடவர்க்கு 2.43. பள்ளி மைதானங்களில் வலை தொய்ந்து தாழ்ந்திருப்பது வழக்கம். தாழ்ந்த வலைக்கு மேல் பறப்பவளைக் கண்டு அவர்கள் மயங்குவதில்லை, ஐயமே கொள்கின்றனர். ஓட்டமாயின் புறப்பாடு முதல் முடிவுவரை வெட்டின்றி இருத்தல் வேண்டும். கிரிக்கெட் பந்துவீச்சாயின் பின்னிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் வேண்டும்.

சிறந்த அடிகளை மட்டும் தொகுத்தபின், ஒரு முழு ஆட்டத்தையோ ஒரு செட்டையோ வெட்டாமல் தனியே இணைப்பதும் இன்றியமையாதது. பிழைகள் தெரிந்துவிடுமே என்று பெற்றோர் அஞ்சுவர். பிழை செய்தபின் அடுத்த பந்துக்கு எவ்வாறு நிற்கிறாள் என்பதைத்தான் பயிற்சியாளர் தேடுகிறார்.

அனுப்பும் முறைக்கு வருவோம். யூடியூபில் ஏற்றும்போது, எல்லார்க்கும் திறந்துவிடுதல், இணைப்பு பெற்றவர் மட்டும் காணும்படி பட்டியலில் சேராமல் வைத்தல், நாம் அழைத்தவர் மட்டும் காணுதல் என மூன்று நிலைகள் உண்டு. இரண்டாவதே பெரும்பாலோர்க்குப் பொருந்தும். அந்த இணைப்பும் கைம்மாறக்கூடும் என்பதை மறவாமல், சேர்க்கை முடிந்ததும் நீக்கிவிடவேண்டும். கணக்கும் மின்னஞ்சலும் பெற்றோர் பெயரில் இருக்கட்டும். வீட்டு முகவரி, பெண்ணின் தொலைபேசி எண், நாள்தோறும் பயிற்சி செய்யும் இடம், நேரம் ஆகியன காணொளியில் வேண்டா. தொடர்புக்குத் தந்தையின் எண்ணோ பள்ளி ஆசிரியரின் எண்ணோ, அவர் இசைவோடு, கடிதத்தில் இருந்தால் போதும். காணொளியில் நம் பிள்ளை மட்டும் இல்லை. உடன் ஆடும் பிள்ளைகளும் உள்ளனர். அவர்தம் பெற்றோரின் இசைவு நம்மிடம் உள்ளதா என்று எத்தனை பேர் எண்ணுகிறோம்? பிறர் பிள்ளையின் முகமும் நம் கையில் அமானிதமே.

நாட்டின் சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்தம் தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைப் பெறவேண்டும் என்றும் பணிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பெற்றுப் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன. எனினும், ஒருமுறை பரவிய படத்தைத் திரும்ப அழைக்கும் ஆற்றல் எச்சட்டத்துக்கும் முழுமையாக இல்லை. முகத்தை மட்டும் எடுத்து வேறு உடலில் பொருத்தும் கயமைக்கு இப்போது கைப்பேசியே போதும். காணொளியைப் பார்ப்பதற்கோ இடம் பெற்றுத் தருவதற்கோ தனியாள் கணக்கில் பணம் கேட்பவர் எவராயினும், தொடர்பைத் துண்டித்துக் கல்லூரி அலுவலகத்தையே நேரில் அணுகவேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழைத்தல் வேண்டும்.

பெரியவர்களிடம் ஒரு சொல். உங்கள் அச்சம் பொய்யன்று. அத்தந்தையின் கைப்பேசியில் நாம் கண்டதே அதற்குச் சான்று. ஆனால் கயவர் எழுதியதற்குத் தண்டனை அப்பெண்ணுக்கா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. உடை குறித்த தடைகளும் தளர்ந்து வருகின்றன. கால்பந்தில் 2014 முதலும் கூடைப்பந்தில் 2017 முதலும் தலையை மறைத்து ஆடப் பன்னாட்டு விதிகள் இடம் தருகின்றன. வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பியபோது நாம் எல்லாரும் பெருமை கொண்டோம். அப்பெருமைக்கு முன்னர் நெடுங்காலம் அவர் பலகைமுன் அமர்ந்து ஆடியிருக்கிறார். அந்நாள்களில் எவரேனும் நிறுத்திவிடு என்று சொல்லி, அவ்வில்லத்தார் அதைக் கேட்டிருந்தால்? விளையாட்டை நிறுத்தச் சொல்வது எளிது. பயிற்சி முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைக்குத் துணை ஏற்பாடு செய்வதும், கல்லூரிக்குக் காணொளி அனுப்பத் தெரியாத தந்தைக்கு ஜமாஅத் அலுவலகத்துக் கணினியில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதும் கடினம். நாம் பெரியவர்களிடம் வேண்டுவது அக்கடினமானதையே.

அந்த அன்பரின் செய்திக்குத் திரும்புவோம். பழைய காணொளியை அன்றே நீக்கச் சொன்னோம். மாமன் மகனுக்குச் சற்று மனவருத்தம். ஆயினும் புதியதைப் படம்பிடிக்க அவனே வந்தான். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வலையை அளந்து கட்டினார். ஒரு முழு செட், வெட்டின்றி. உடன் ஆடிய பெண்களின் வீடுகளில் அத்தந்தையே சென்று இசைவு பெற்றார். சான்றிதழ்களின் நகலோடு, ஆசிரியரின் பெயரில் மூன்று கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்குக் கடிதம் சென்றது. இரண்டிலிருந்து விடை இல்லை. மூன்றாவது கல்லூரி தேர்வுக்கு அழைத்தது.

தேர்வு நாளில் அப்பெண் ஸ்மாஷ் அடிக்க ஆயத்தமாகச் சென்றிருக்கிறாள். பயிற்சியாளரோ, அரைமணி நேரம் எதிரிலிருந்து வரும் சர்வீஸ்களை எடுத்துத் தரும்படி மட்டும் பணித்தார். காணொளியின் நடுவே அடுத்தடுத்து இரு பந்துகளை அவள் தவறவிட்டதையும், மூன்றாவதற்கு ஒரு காலைப் பின்வைத்து நிலையை மாற்றிக்கொண்டதையும் அவர் குறித்து வைத்திருந்தாராம். உயரம் போதாமையால் முன்வரிசைக்கு ஆகாள் என்றும், பின்களத்தைக் காக்கும் லிபரோவாக ஆட இசைந்தால் எடுத்துக்கொள்வதாகவும் கூறினார்.

அவள் இசைந்தாள். கல்விக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. விடுதிக்குச் சலுகை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆட்டத்தையும் வருகைப் பதிவையும் பார்த்தே சலுகை நீடிக்கும் என்பது நிபந்தனை. ஃபஜ்ரு முடிந்ததும் தந்தையின் இருசக்கர வண்டியில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து மின்தொடர் வண்டியேறிப் பயிற்சிக்குச் செல்கிறாள். தந்தை அங்கிருந்து நேரே பட்டறைக்குத் திரும்பிவிடுகிறார்.